கறுப்புப் பந்து யாருக்கு?

"அந்த மாட்ச் ஞாபகம் இருக்கா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும். வீட்டு ஆண்பிள்ளைகள் நாலு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விடுவார்கள். நாம் காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவோம். அது அவர்கள் பேச்சு, நமக்கென்ன அதில் என்று ஓர் எண்ணம். சகோதரிகளே, இந்த வாரம் உங்களை அப்படிப் போக விடுவதாக இல்லை. கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் பேசுகிற விஷயம் ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. அதில் நமக்கும் ஒரு பங்கு சேர வேண்டியிருக்கிறது. நாம்தான் கேட்டு வாங்காமல் இருக்கிறோம்.

கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1986-ம் வருஷம் செப்டம்பர் மாதம் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், யாருக்கும் வெற்றி தோல்வி இல்லாமல் சரிசமமாக முடிந்ததே, அதில் கடைசியாக அவுட்டானவர் யார் என்று கேளுங்கள். அப்போது பிறந்தே இராத பையன்கூட "மனிந்தர் சிங்" என்று சொல்லிவிடுவான். அந்த மைதானத்துக்குப் பெயரைத் தந்த எம். ஏ. சிதம்பரம், செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பிள்ளை. ஆகையால் காரைக்குடிப் பக்கத்தில் இந்தக் கேள்விக்குச் சற்றுச் சொந்த உரிமையோடேயே பதில் வரும்!

ஆனால் நான் சொல்ல வந்தது கிரிக்கெட் அல்ல, ஸ்னூக்கர். "ஐயோ, அது கிளப்பில் கோலும் கையுமாக நின்று ஆடுவதல்லவா?" என்று முகம் சுளிக்காதீர்கள். அதன் கணக்கு நம் வீட்டுப் பால் கணக்கைவிடச் சுலபம். பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் உள்ள மேஜை. மேலே பச்சைக் கம்பளித் துணி. நாலு மூலையிலும் நாலு பை, நீளவாட்டுப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று, ஆக ஆறு பைகள். பதினைந்து சிவப்புப் பந்துகள். ஒன்றுக்கு 1 புள்ளி. அது தவிர வர்ணப் பந்துகள் ஆறு: மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, ரோஜா வர்ணத்துக்கு 6, கறுப்புக்கு 7. வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அதைக்கொண்டு முதலில் ஒரு சிவப்பைப் பைக்குள் தள்ள வேண்டும். பிறகு இஷ்டப்பட்ட வர்ணம் ஒன்று. சிவப்பு உள்ளேயே போய்விடும்; வர்ணத்தைத் திரும்ப எடுத்து அதன் இடத்தில் வைத்து விடுவார்கள். சிவப்பு எல்லாம் தீர்ந்த பிறகு, மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை வரிசையாகத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

ஒவ்வொரு சிவப்போடும் கறுப்பையே தள்ளினால் 8 புள்ளி. பதினைந்து எட்டு 120. கடைசி ஆறு வர்ணங்களுக்கு 27. மொத்தம் 147. ஒரே மூச்சில் எதிராளியை எழுந்திருக்கவே விடாமல் 147 எடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் பூரண கும்பம். அடிக்க வேண்டிய பந்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவே வேறொரு பந்து வந்து மறைத்துக்கொண்டால், அதற்குத்தான் 'ஸ்னூக்கர்' என்று பெயர். மாட்டிக்கொண்டவன் விழிக்க வேண்டியதுதான். தப்பாக அடித்தால் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி தானம். இவ்வளவு தெரிந்தால் போதும், நீங்கள் திண்ணைக்குப் போகலாம்.

சமீபத்தில் காரைக்குடியில் என் சிநேகிதியின் அப்பச்சிக்கு எண்பதாம் கல்யாணம். செட்டிநாட்டு வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு ஏதோ பக்கத்து ஊர் மாதிரித் தெரியும்! இரவுப் பலகாரம் ஆயிற்று. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் இன்னும் நாக்கில் நிற்கிறது. ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில் ஜமுக்காளம் விரித்து, ஆண்கள் சாய்ந்துகொண்டார்கள். எண்பது வயசு ஐயா, லண்டனில் சில வருஷம் கணக்கு வேலை பார்த்தவர். அவருடைய தம்பி சிங்கப்பூரில் இருந்து திரும்பியவர். சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர். கல்லூரிப் பேரன் ஒருவன். நாலு பேருக்கும் ஸ்னூக்கர் பைத்தியம். கோலைத் தொட்டு ஆடியவர் அவர்களில் யார் என்று நான் கேட்கவில்லை. ரஸிகராக இருப்பதற்கு அது அவசியமும் இல்லை.

சோதனை ஆரம்பமாயிற்று. முதல் காரியமாக, எல்லாருடைய செல்போனும் வெற்றிலைத் தாம்பாளத்துக்குப் போய்விட்டது. பதிலைத் தேடிப் பார்ப்பது கௌரவக் குறைவாம்! சரியான பதிலுக்கு 1 புள்ளி. தப்புப் பதில் சொன்னால், ஆட்டத்தில் உள்ளது போலவே, கேள்வி கேட்டவருக்கு 4 புள்ளி. கணக்கு வைத்துக்கொள்ள அப்பத்தா உட்கார்ந்தார். காகிதம், பேனா ஒன்றும் கிடையாது. ஒரு கிண்ணம் புளியங்கொட்டைதான். அந்தக் காலத்தில் கொண்டுவிற்கப் போன குடும்பங்களில் மாகாணி, அரைக்கால் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்கள். அப்பத்தா ஒரு கொட்டையையும் விடவில்லை.

"இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சது யாரு?" என்றார் சின்ன ஐயா.

"நெவில் சேம்பர்லேன்" என்றான் பேரன் பளிச்சென்று. "இங்கிலாந்துப் பிரதம மந்திரியா இருந்தாரே, அவர்."

"நாலு!" என்றார் சின்ன ஐயா ஆனந்தமாக. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. கண்டுபிடித்தவர் 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் இருந்த இளம் அதிகாரி. மழைக் காலத்தில் பொழுது போகாமல், அப்போது ஆடிக்கொண்டிருந்த வேறோர் ஆட்டத்தோடு வர்ணப் பந்துகளைச் சேர்த்தார். ராணுவப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பையன்களைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்பார்களாம். சுலபமான பந்தைத் தவறவிட்ட தோழர் ஒருவரை அவர் அப்படிக் கூப்பிட, அந்தப் பெயரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் நம் உதகமண்டலத்துக்கு வந்தார். ஆட்டத்தின் விதிகளை ஒழுங்குபடுத்தி எழுதி, ஊட்டி கிளப்பின் சுவரில் ஒட்டி வைத்தது 1880-களில். ஆகவே, கோடிக்கணக்கான பேர் டெலிவிஷனில் பார்த்த ஓர் ஆட்டத்துக்குச் சட்டம் எழுதப்பட்ட இடம் நம் நீலகிரி! சீமையிலிருந்து வந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற எத்தனையோ விஷயங்களில் இதுவும் ஒன்று.

கேள்வி கேட்பதில் பல ஜாதி உண்டு என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். மாப்பிள்ளை இருக்கிறாரே, அவர் இலக்கப் பேர்வழி. 1927-ல் நடந்த முதல் உலகப் போட்டியில் ஜயித்தவர் யார்? ஜோ டேவிஸ். பரிசு எவ்வளவு? ஆறு பவுன் பத்து ஷில்லிங். அவர் எத்தனை தடவை ஜயித்தார்? 1946 வரை பதினைந்து தடவை, ஒன்றில்கூடத் தோற்காமல். மாப்பிள்ளையின் கேள்விக்குப் பதில் எப்போதும் ஓர் எண்தான். பேரன் இருக்கிறானே, அவன் வக்கீல். கேள்விக்குள் ஒரு கொக்கி வைத்திருப்பான். "ஒரே மூச்சில் 147-க்கு மேல் எடுக்க முடியுமா?" என்றான். முடியாது என்று மாப்பிள்ளை சொல்லி நாலு புள்ளி கொடுத்தார். எதிராளி தப்பாட்டம் ஆடி, சிவப்புப் பந்து மறைந்துபோனால், வேறொரு பந்தைச் சிவப்பாகப் பாவித்துக்கொள்ளச் சில சமயம் அனுமதி உண்டு. அப்படி 2004-ல் ஜேமி பர்னெட் என்பவர் 148 எடுத்திருக்கிறார்.

அதே பேரன் 1997-ல் ரானி ஓ'சல்லிவன் எடுத்த 147-ஐப் பற்றிக் கேட்டு, பெரிய சண்டையே மூட்டிவிட்டான். வெகு காலம் அதற்கு ஐந்து நிமிஷம் இருபது விநாடி என்று எழுதி வந்தார்கள். பிற்பாடு படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்து, ஐந்து நிமிஷம் எட்டு விநாடிதான் என்று திருத்தினார்கள். கடிகாரத்தை எங்கே தொடங்குவது என்பதுதான் வழக்கு. எது சரி என்று கால் மணி நேரம் வாதம். அந்த வாதத்துக்குள் அவர் மூன்று 147 எடுத்திருப்பார்! 36 பந்துகளை அவ்வளவு நேரத்தில் தள்ளினார் என்றால், பந்துக்கு ஒன்பது விநாடிகூட ஆகவில்லை. பார்க்க வேண்டியது அதை அல்லவா? விநாடிக் கணக்குச் சண்டை எனக்கு எப்போதும் அலுப்பு.

ஐயா வேறு ஜாதி. அவர் கதைக்காரர். "டெய்லர் கடைசிப் பந்தைத் தள்ளினதும் என்ன செஞ்சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். இந்தக் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்னூக்கர் ரஸிகர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், சிங்கப்பூரானாலும் காரைக்குடியானாலும், இதைச் சொல்லாமல் பிரிவதில்லை.

1985 ஏப்ரல் மாதக் கடைசி. இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரத்துக் குரூசிபிள் நாடக அரங்கம். ஒரு பக்கம் ஸ்டீவ் டேவிஸ். அதற்குள் மூன்று முறை உலக சாம்பியன், ஜலதோஷம்கூடப் பிடிக்காத மனிதர் மாதிரி ஒரு முகம். மறுபக்கம் வட அயர்லாந்துக்காரர் டென்னிஸ் டெய்லர். ஆடுவதற்கென்றே செய்த பெரிய மூக்குக் கண்ணாடி. தலைகீழாக மாட்டிக்கொண்டு விட்டாரோ என்று தோன்றும். 18 ஆட்டம் முதலில் எடுப்பவருக்குப் பட்டம். டேவிஸ் ஆரம்பத்திலேயே 8-0. நாமாக இருந்தால் டெலிவிஷனை அணைத்துவிட்டு மாவரைக்கப் போயிருப்போம். டெய்லர் போகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தார். 9-7 ஆயிற்று, 17-15 ஆயிற்று, 17-17-ம் ஆயிற்று!

மிச்சம் ஒரே ஆட்டம். அந்த ஒன்று மட்டும் 68 நிமிஷம் நடந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜையில் நாலு பந்துதான் பாக்கி: பழுப்பு, நீலம், ரோஜா, கறுப்பு. டேவிஸ் 62, டெய்லர் 44.

"கூட்டிப் பாரு" என்றார் ஐயா அப்பத்தாவிடம்.

"நாலு, அஞ்சு, ஆறு, ஏழு... இருவத்திரெண்டு" என்றார் அப்பத்தா. "நாப்பத்தி நாலும் இருவத்திரெண்டும் அறுவத்தாறு. நாலையும் அவரே தள்ளணும். ஒண்ணு விட்டாலும் போச்சு."

பாருங்கள், அதுதான் ஆட்டம்! டெய்லர் பழுப்பைத் தள்ளினார், நீலத்தைத் தள்ளினார், ரோஜாவையும் தள்ளினார். 62-க்கு 59. கறுப்பு ஒன்றுதான் பாக்கி. யார் தள்ளுகிறாரோ அவர் உலக சாம்பியன். இருவரும் மாறி மாறி அடித்தார்கள். விழவில்லை. கடைசியில் டேவிஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பந்தின் ஓரத்தைச் சீவினாற்போல் அடிக்க வேண்டும். தவறிவிட்டது. டெய்லர் குனிந்தார், அடித்தார், கறுப்பு உள்ளே! 66-62. அந்தப் போட்டி முழுவதிலும் டெய்லர் முன்னணிக்கு வந்தது அந்த ஒரு கணத்தில்தான். கோலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஐயாவும் தம் கைத்தடியை அப்படியே தூக்கிக் காட்டினார்.

இதற்குப் பிறகு யாருக்கும் எண் கேள்வி கேட்க மனம் வரவில்லை. சின்ன ஐயா 1982-ஐ எடுத்தார். அலெக்ஸ் ஹிக்கின்ஸ், ரே ரியர்டனை 18-15 என்று ஜயித்த இறுதிப் போட்டி. ஹிக்கின்ஸ் பெரிய முரடர். அவரோடு குடித்தனம் செய்வது யாராலும் ஆகாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அன்று கோப்பை வந்ததும் கோப்பையைப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வழிய, தம் மனைவியையும் கைக்குழந்தையையும் கூப்பிட்டார். குழந்தையைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தார்கள். "எத்தனை புள்ளி எடுத்தார் என்று யாருக்கு ஞாபகம்? குழந்தைதான் ஞாபகம்" என்றார் சின்ன ஐயா. மாப்பிள்ளை மட்டும் மெதுவாக, "கடைசி ஆட்டத்தில் 135" என்றார். இலக்கப் பேர்வழி என்றேன் அல்லவா!

நம் நாட்டுக் கேள்விகளும் வந்தன. தனி ஆட்டத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் யார்? வில்சன் ஜோன்ஸ், 1958-ல், கல்கத்தாவில். 1964-ல் நியூஸிலாந்துக்குப் போய் இன்னொரு முறை ஜயித்தார். ஆனால் ஜாக்கிரதை, அது பில்லியர்ட்ஸ். மூன்றே பந்து வைத்து ஆடுகிற அண்ணன் முறை ஆட்டம். ஸ்னூக்கர் என்றால் 1984-ல் டப்ளினில் ஜயித்த ஓ. பி. அகர்வால். 2003-ல் சீனாவில் பங்கஜ் அத்வானி. அப்போது வயசு 18. இதில் பேரன் மாப்பிள்ளையிடமிருந்து இன்னும் ஒரு நாலைப் பறித்தான்.

இந்த நேரத்தில் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தாள் ஐயாவின் பேத்தி. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். வெற்றிலை மடிப்பது போல் அதுவரை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா, ஐயா?"

"கேளு, ஆத்தா."

"உலகப் பட்டத்துக்கான இறுதிப் போட்டி. ரெண்டு பேரும் ஆட்டக் கணக்கிலே சமம். கடைசி ஆட்டம். மேஜையிலே கறுப்புப் பந்து ஒண்ணுதான் பாக்கி. எந்த ஊர்? யார் யார்?"

நாலு பேரும் ஏக காலத்தில் "ஷெப்பீல்டு! டெய்லர், டேவிஸ்!" என்றார்கள். "இப்பத்தானே சொன்னேன்" என்று ஐயாவுக்குச் சற்று வருத்தம்கூட.

"நான் இன்னும் முடிக்கலையே. ஒருத்தருக்கு 61, ஒருத்தருக்கு 60."

பட்டாலையில் பேச்சு நின்றது. 62-ம் 59-ம் என்று ஐயா வாயாலேயே சொல்லியாயிற்று. 61-ம் 60-ம் எங்கே வந்தது? பேரன் தாம்பாளத்தைப் பார்த்தான். அப்பத்தா தாம்பாளத்தைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் வருஷங்களைப் புரட்டினார். பயனில்லை.

"நாலு பேரும் தப்பு. நாலு நாலா பதினாறு, அப்பத்தா" என்றாள் பேத்தி. பதினாறு கொட்டைகளும் எண்ணி வைக்கப்பட்டன.

பதிலைச் சொல்கிறேன், கேளுங்கள். ஊர், கத்தார் தேசத்துத் தோஹா. தேதி, 2025 நவம்பர் 13. பெண்களுக்கான உலக ஸ்னூக்கர் போட்டி, பதினைந்து சிவப்புப் பந்துகளும் வைத்து ஆடுகிற முழு ஆட்டம். ஒரு பக்கம் ஹாங்காங்கைச் சேர்ந்த இங் ஆன் யீ. 2015, 2017, 2018 என்று மூன்று முறை உலகப் பெண்கள் சாம்பியனாக இருந்தவர். மறுபக்கம் அனுபமா ராமச்சந்திரன், வயசு 23, நம் சென்னைப் பெண்! ஐந்தில் மூன்று ஆட்டம் எடுத்தால் பட்டம். இரண்டு இரண்டு என்று சமமாகி, ஐந்தாவது ஆட்டமும் கறுப்புப் பந்து வரைக்கும் வந்துவிட்டது. அனுபமா 61, இங் 60. பட்டத்தை எடுத்துக்கொள்ள இங்குக்கு வாய்ப்பு வந்தது. கறுப்பு பைக்குள் விழவில்லை. அனுபமா தள்ளினார். 68-60. உலக ஸ்னூக்கரில் இந்தப் பட்டத்தை இந்தியப் பெண் ஒருத்தி பெற்றது அதுதான் முதல் தடவை.

ஷெப்பீல்டில் நாற்பது வருஷத்துக்கு முன் ஓர் அயர்லாந்துக்காரர் தள்ளிய கறுப்புப் பந்துக்குக் காரைக்குடியில் கைத்தடி தூக்குகிறோம். காரில் ஏறினால் ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிடுகிற சென்னையின் பெண் அதே மாதிரி தள்ளிய கறுப்புப் பந்து, நாலு பைத்தியங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை! அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெண்கள் ஆட்டம் மட்டம் என்று நினைப்பவர்களும் அல்ல. பதில் தெரிந்ததும் ஐயாவுக்கு உண்டான சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, அந்தப் பெண் ஏதோ தம் பங்காளி வீட்டுப் பெண் போல், "நம்ம ஊர்ப் புள்ளை! நம்ம ஊர்ப் புள்ளை!" என்று இரண்டு தடவை சொன்னார்.

பின்னே ஏன் தெரியவில்லை? நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு போட்டி ஞாபகத்தில் நிற்பது, அது நன்றாக ஆடப்பட்டதால் மட்டும் அல்ல. டெய்லரை 1 கோடியே 85 லட்சம் பேர் ஒரே ராத்திரியில் பார்த்தார்கள். மறுநாள் அவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து அதைப் பேசினார்கள். அப்புறம் வருஷா வருஷம் அதே படத்தைப் போட்டுக் காட்டினார்கள். இந்தியாவில் ஒரு பெண் ஜயித்தால் ஒரு நாள் பத்திரிகையில் படம் வரும், மாலை போடுவார்கள், மறுநாள் வேறு செய்தி. ஆனால் பத்திரிகைக்கும் டெலிவிஷனுக்கும் அப்புறம் இன்னோர் இடம் இருக்கிறது. அதுதான் இந்தத் திண்ணை. இங்கே கேட்கப்படுகிற கேள்விதான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பேரனுக்கு 1985 எப்படித் தெரியும்? அவன் அப்போது பிறக்கவே இல்லை. ஐயா நூறு தடவை சொன்னதால் தெரியும். அனுபமாவின் 61-60-ஐ நூறு தடவை சொல்ல யார் இருக்கிறார்கள்? நாம் தம்ளரோடு உள்ளே போய்விடுகிறோமே!

பில்லியர்ட்ஸ் அறைக்குள் பெண்கள் நுழையவே கூடாது என்ற வழக்கம் பல கிளப்புகளில் வெகு காலம் இருந்தது. கதவைத் திறந்துவிட்ட பிறகும் பேச்சில் மட்டும் கதவு சாத்தியே இருப்பானேன்? கேள்வி கேட்கத் தெரிந்தால் கதவு தானாகத் திறக்கிறது என்பதை அந்தப் பதினாறு புளியங்கொட்டைகளே காட்டின.

பேத்தி அதோடு விடவில்லை. "இதே இங் ஆன் யீயோடு இறுதிப் போட்டி ஆடி, கடைசி ஆட்டத்திலே தோத்த இன்னொரு இந்தியப் பெண் யாரு?" என்றாள். மறுபடி மௌனம். வித்யா பிள்ளை, 2017-ல் சிங்கப்பூரில். பதினொரு ஆட்டம் ஆடி, 5-6 என்று போயிற்று. சின்ன ஐயா அந்த வருஷம் சிங்கப்பூரில்தான் இருந்திருக்கிறார்! அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களை யாரும் மடக்கிவிடக் கூடாது பாருங்கள்: 2017-ல் நடந்ததும் 2025-ல் நடந்ததும் வெவ்வேறு அமைப்புகள் நடத்திய உலகப் போட்டிகள். பேரன் மாதிரி வக்கீல்கள் அந்த இடத்தில் கொக்கி போடுவார்கள்.

நீங்கள் கேட்பதற்கு இன்னொன்றும் தருகிறேன். பெண்கள் உலகப் பட்டத்தைப் பன்னிரண்டு தடவை ஜயித்தவர் யார்? இங்கிலாந்தைச் சேர்ந்த ரியான் எவன்ஸ். ஜோ டேவிஸின் பதினைந்தைச் சட்டென்று சொல்லுகிறவர்களிடம் இந்தப் பன்னிரண்டைக் கேட்டுவிட்டு, மெதுவாக வெற்றிலையை மடியுங்கள்.

கொட்டைகளை எண்ணி முடித்தபோது பேத்தி முதல், பேரன் இரண்டாவது. இத்தனை நேரம் கணக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்குத் தம் பங்குக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஜயிச்சவுகளைப் பத்தியே பேசுறீக. தோத்தவுக என்ன ஆனாக?"

அப்படி ஒரு கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. டேவிஸ் பாதகமில்லை என்றார் ஐயா. 1987, 88, 89 என்று தொடர்ந்து மூன்று வருஷம் உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். பாவம் என்றால் ஜிம்மி ஒயிட்தான். ஆறு தடவை உலகப் போட்டியின் இறுதி வரை வந்து ஆறு தடவையும் தோற்றவர். 1994-ல் ஸ்டீபன் ஹெண்ட்ரியோடு 17-17. கடைசி ஆட்டத்தில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. ஒரு கறுப்புப் பந்து, தினம் தூங்கி எழுந்து அடிக்கிற மாதிரிப் பந்து, தவறிவிட்டது. ஹெண்ட்ரி வந்து முடித்துவிட்டார். அன்றைக்கு ஜிம்மிக்கு முப்பத்திரண்டாவது பிறந்த நாள்.

"அடப் பாவமே! பொறந்த நாளும் அதுவுமா..." என்றார் அப்பத்தா. "அப்புறம் அந்தப் புள்ளை ஜயிக்கவே இல்லையா?"

"அந்தப் பட்டம் கிடைக்கலை. ஆனா 2019-லே, மூத்தவுகளுக்குன்னு நடத்துற உலகப் போட்டியிலே ஜயிச்சார். அதே ஷெப்பீல்டு, அதே குரூசிபிள் அரங்கம்தான்."

"அப்ப வயசு என்ன?"

"அம்பத்தேழு."

அப்பத்தா மனத்துக்குள் கழித்துப் பார்த்தார். "இருவத்தஞ்சு வருஷம்" என்றார். பிறகு தாம்பாளத்தை எல்லார் பக்கமும் நகர்த்திவிட்டு, விடிந்தால் முகூர்த்தம், போய்ப் படுங்கள் என்று விரட்டினார்.